நடுநிலைப் பள்ளி மாணவரும் பின்னமும்

முழுமையொன்றைச் சம பங்குகளாக வகுத்து, அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொள்வதால் அமையும் எண்ணே பின்னம். கோட்டின் மேலுள்ள எண், எடுத்த பங்குகளைக் காட்டும் தொகுதி, கீழுள்ளது மொத்தப் பங்குகளைக் காட்டும் பகுதி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒரே அளவாகக் கொள்ளாமல் இரு தனி முழு எண்களாகக் கருதுவதால், 8 பெரிது என்னும் எண்ணத்தில் 1/8, 1/4ஐவிடப் பெரிது என்கின்றனர். அவ்வாறே 1/2 + 1/3 = 2/5 என எழுதுவோர், விடை, கூட்டிய 1/2ஐவிடச் சிறியதாகிவிட்டதைக் கவனிப்பதில்லை. இக்குறை ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்ற வினாவுக்கு 2 என விடையளித்த 13 வயதினர் 24 விழுக்காட்டினரே. பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றனர்.

தமிழகத் திண்ணைப் பள்ளிகள் பின்னத்தை வேறு வழியில் பயிற்றின. எண்சுவடி மனப்பாடத்தில் கால், அரைக்கால், மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என ஒவ்வொரு பின்னமும் தனிப்பெயருடைய ஓர் அளவாகவே நின்றது. காலுக்கு 80 முந்திரி, மாவுக்கு 16 முந்திரி. இரண்டையும் கூட்டினால் 96 முந்திரி, அதாவது 3/10. பகுதி வேறுபடும் பின்னங்களைப் பொதுப் பகுதிக்கு மாற்றும் இன்றைய முறையின் கருத்து இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. மூன்றில் ஒன்று, ஏழில் ஒன்று போன்றவற்றை முந்திரிக் கணக்கில் மிச்சமின்றிச் சொல்ல இயலாது என்பது இம்முறையின் எல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயை வாயிலாகக் கொண்ட நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த காலத்தில், அந்நாட்டு நாணயத்தால் அங்கு அன்றாடக் கணக்கே பின்னப் பயிற்சியாக அமைந்திருந்தது. திருவிதாங்கூர் நாணய முறையில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். ஆகவே அரைக்கால் ரூபாய் என்பது மூன்றரைச் சக்கரம், அதாவது 3 சக்கரம் 8 காசு. 1957 ஏப்ரல் 1இல் இந்தியா முழுவதும் ரூபாய்க்கு நூறு பைசா என்னும் பதின்ம நாணய முறை வந்தது.

வகுத்தலில் இடர் இன்னும் மிகுதி. 1¾ ÷ ½ என்பதற்கு வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கி 3½ எனச் சரியாக எழுதும் மாணவர், வகுத்த பின் எண் ஏன் பெருகியது என்பதற்குக் காரணம் கூற இயலாது தயங்குகின்றனர். ஒன்றேமுக்கால் நாழி அரிசியில் எத்தனை அரைநாழி உண்டு என்று கேட்டால், மூன்றரை என்ற விடையோடு காரணமும் தெளிவாகும். எனவே பின்னத்தை எண்கோட்டில் இடம் குறிக்கவும் அளந்து ஒப்பிடவும் பழகிய பின்னரே கூட்டல், வகுத்தல் விதிகளைக் கற்பிப்பது முறையாகும்.