பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்பது பிரான்ஸ் நாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணமாகும். பாரிசுக்கு அருகில் தொடங்கி, அத்திலாந்திக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுக நகரை அடைந்து திரும்பும் இதன் தொலைவு ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். இதனை அதிகபட்சம் 90 மணி நேரத்துக்குள் முடித்தல் வேண்டும். ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் சங்கம் இதனை நடத்துகிறது.

வரலாறு

லெ பெத்தி ஜூர்னால் நாளிதழின் பியேர் ஜிஃபார் 1891 ஆம் ஆண்டில் இதனை ஒரு பந்தயமாகத் தொடங்கினார். காற்றடைத்த டயர்கள் அப்போது புதியவை. ஷார்ல் தெரோன், கழற்றி மாட்டக்கூடிய மிஷ்லின் டயர்களுடன் ஓட்டினார். முன்னணியில் இருந்த ஜியெல் லாவால் திரும்பும் வழியில் உறங்கிய வேளையில் அவரைக் கடந்து, 71 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வெற்றி பெற்றார். 1901 ஆம் ஆண்டில் வென்ற மோரிஸ் காரின், 1903 ஆம் ஆண்டின் முதல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தையும் வென்றவர்.

1931 ஆம் ஆண்டில் தொழில்முறை வீரர்களின் பந்தயத்துடன் பயண ஆர்வலர்களுக்கான தனிப் பிரிவும் தொடங்கியது. தொழில்முறைப் பந்தயம் 1951 ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. ஆர்வலர்களின் பயணமே இன்றும் தொடர்கிறது. 2023 ஆம் ஆண்டில் 6000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர்.

விதிமுறைகள்

இது போட்டி அன்று. முதலிடம், இரண்டாமிடம் என எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் தகுதிப் பயணங்களை முடித்தவர்களே பங்குபெறலாம். வழியிலுள்ள சோதனை நிலையங்களில் அட்டையில் முத்திரை பெறுதல் வேண்டும். துணை வாகனங்கள் அந்நிலையங்களில் மட்டுமே உதவலாம்.

1200 கிலோமீட்டரை 90ஆல் வகுத்தால் மணிக்கு 13.3 கிலோமீட்டர் என வரும். இது எளிய வேகமாகவே தோன்றும். ஆனால் உணவு, உறக்கம், பழுதுபார்த்தல், முத்திரைக்கான வரிசை ஆகிய அனைத்தும் அந்த 90 மணி நேரத்துள் அடங்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் நின்றாலே ஓட்டும் வேகம் சராசரியாக மணிக்கு 18 கிலோமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். இரவில் சாலையோரப் புல்வெளியில் சற்றே கண்ணயர்வோர் பலர்.

பாதையும் காலநிலையும்

பாதை பெரும்பாலும் நோர்மாண்டி, பிரித்தானி பகுதிகளின் நாட்டுப்புறச் சாலைகள் வழியே செல்கிறது. உயர்ந்த மலைகள் இல்லை. எனினும் ஓயாத சிறு மேடுபள்ளங்களால் மொத்த ஏற்றம் 10,000 மீட்டரைத் தாண்டுகிறது. சிற்றூர் மக்கள் வீட்டு வாயிலில் மேசையிட்டு, நள்ளிரவிலும் காப்பியும் நீரும் வழங்குவர். பணம் பெறாமல், ஊர் திரும்பியபின் ஓர் அஞ்சலட்டை அனுப்புமாறு மட்டும் கேட்கும் வழக்கமும் இருந்துள்ளது.

அத்திலாந்திக்கிலிருந்து மேல்காற்று வீசினால் பிரெஸ்ட் வரை எதிர்க்காற்றே. 2007 ஆம் ஆண்டில் தொடர்மழையும் காற்றும் சேர்ந்ததால் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பயணத்தை உரிய நேரத்தில் முடிக்கவில்லை. 2019 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றனர். எதிர்க்காற்றுடன், அவர்களுக்குப் பழக்கமில்லாத இரவுக் குளிரும் வாட்டியதால் அவர்களுள் பலர் இடையிலேயே நின்றனர். அடுத்த பயணம் 2027 ஆம் ஆண்டுக்குரியது.