பறவையும் கோலும் கூண்டும்

தன்னைக் காட்டிக்கொள்ளும் பிழையைத் திருத்துதல் எளிது. காட்டிக்கொள்ளாத பிழையே கற்பவரை மலைக்கச் செய்வது. கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகுவோர் இவ்வுண்மையை உணருமிடம், பெரும்பாலும், “இன்னது உண்டாயின் இன்னது செய்க” என்னும் நிபந்தனைக் கட்டளையேயாகும். சொற்களாலேயே ஆடப்படும் ஒரு விளையாட்டின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்கக் கணினி வல்லுநரான வில் குரோதர், அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பை உருவாக்கிய குழுவினருள் ஒருவர். கென்டக்கி மாநிலத்து மம்மத் குகைகளை அளந்து வரைபடமாக்கியவர்களுள்ளும் ஒருவர். மணமுறிவின் பின்னர்த் தம் புதல்வியர் இருவரும் ஆடி மகிழும்பொருட்டு, 1975, 1976ஆம் ஆண்டுகளில், போர்ட்ரான் மொழியில் அவர் ஒரு குகை விளையாட்டை எழுதினார். அதில் படம் இல்லை. கணினி குகையை வருணிக்கும்; ஆடுபவர் “வடக்கே போ”, “விளக்கை எடு” என்றாற்போல இரண்டொரு சொற்களால் விடையிறுப்பர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவரான டொன் வூட்ஸ், குரோதரின் இசைவைப் பெற்று, 1977இல் அதனை விரித்தெழுதினார்.

அவ்விளையாட்டில் ஒரு சிறு பறவை உண்டு. வழிமறித்துக் கிடக்கும் பாம்பை ஓட்ட அப்பறவை வேண்டும். பறவையைக் கொண்டுசெல்லக் கூண்டு வேண்டும். ஆயினும், கையில் கருங்கோல் இருப்பின் பறவை அஞ்சி விலகும். வூட்ஸின் செய்நிரல் முதலில் கோலைப் பற்றி வினவுகின்றது. கோல் இல்லையென அறிந்த பின்னரே கூண்டைப் பற்றி வினவுகின்றது.

இம்முறையைப் புதிதாகப் பழகும் மாணவர் ஒருவர் மாற்றி எழுதுவதாகக் கொள்வோம். “கூண்டு இருந்தால் பறவை அகப்படும், இல்லையாயின், கோல் இருந்தால் பறவை அஞ்சும்” என்கிறார். கேட்பதற்கு இதுவும் சரியாகவே தோன்றும். ஆனால், கூண்டும் கோலும் ஒருங்கே வைத்திருப்பவருக்கு முதல் நிபந்தனையே நிறைவேறிவிடும்; இரண்டாவது வினவப்படுவதேயில்லை. புதிர் அழிந்துவிட்டது, கணினியோ குறையொன்றும் கூறுவதில்லை. “இல்லை” என்னும் சொல் இடம் மாறினாலோ, கோல் இல்லாதவரைக் கண்டும் பறவை அஞ்சும். அப்போது ஆடுபவர் செய்நிரலை ஐயுறுவதில்லை. தம் அறிவையே நொந்துகொள்வர்.

இத்தகைய பிழையைக் காணும் வழி பழைய அளவையியலிலேயே உள்ளது. ஆங்கிலேயரான ஜோர்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில், மெய், பொய் என்பவற்றை இயற்கணித முறையில் ஆராய்ந்தார். கூண்டு உண்டு அல்லது இல்லை. கோல் உண்டு அல்லது இல்லை. ஆகவே நிலைகள் நான்கே. நான்கினையும் தாளில் நிரற்படுத்தி, ஒவ்வொன்றிலும் நிகழவேண்டியது யாதென முன்னரே குறித்தல் வேண்டும். பின்னர் நான்கினையும் ஆடிப் பார்க்க, குறித்ததும் நிகழ்ந்ததும் மாறுபடும் நிலையிலே பிழை வெளிப்படும். தாம் விரும்பும் நிலையை மட்டும் ஆடிப் பார்ப்பவருக்கு அது என்றும் புலப்படாது. மூன்று நிபந்தனைகளாயின் நிலைகள் எட்டு, நான்காயின் பதினாறு. செய்நிரல் வளருந்தோறும் பிழை மலிவதன் காரணமும் இதுவே.

டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கேர்ட்ஸ் ஆகியோர் 1964இல் உருவாக்கிய பேசிக் மொழி, நிபந்தனைக் கட்டளையை எளியோர்க்கும் எட்டச் செய்தது. அம்மொழியிலேயே ஸ்கொட் அடம்ஸ் 1978இல் இத்தகைய விளையாட்டொன்றை வீட்டுக் கணினிக்கு எழுதி வெளியிட்டார். பின்னர் எண்ணற்ற இளைஞர் தத்தம் குகைகளை எழுதிப் பழகினர்.

மனிதர் சொல்லாமல் விட்டதையும் மனிதர் உய்த்துணர்வர். கணினி சொன்னதையே, சொன்ன வரிசையிலேயே செய்யும். தாம் கருதியது ஒன்று, எழுதியது வேறொன்று என்பதை அமைதியாக ஒப்புக்கொண்டு, நான்கு நிலைகளையும் மீண்டும் எண்ணிப் பார்க்க அமரும் மாணவர், அப்பொழுதே பிழையின் பாதி வழியைக் கடந்துவிட்டவராவர்.