டில்ட் (போக்கர்)

டில்ட் என்பது போக்கர் சீட்டாட்டத்தில் உணர்ச்சி மேலிடுவதால், ஆட்டக்காரர் தமது வழக்கமான உத்தியைக் கைவிட்டுத் தவறான முடிவுகளை எடுக்கும் மனநிலை ஆகும். இது பெரும்பாலும் தோல்விக்குப் பின் தோன்றும். தொடர் வெற்றி தரும் மிகை நம்பிக்கையாலும் ஏற்படலாம். போக்கரைத் தொழிலாகக் கொண்டவரின் வருமானம் ஆட்டத் திறனை மட்டுமன்றி, இம்மனநிலையைக் கட்டுப்படுத்துவதையும் பொறுத்தது.

பெயர்க் காரணம்

பின்பால் விளையாட்டு இயந்திரத்தை ஆடுபவர் பலமாகக் குலுக்கினாலோ சாய்த்தாலோ 'டில்ட்' என்னும் எச்சரிக்கை தோன்றி ஆட்டம் முடங்கிவிடும். சாய்வு எனப் பொருள்படும் இந்த ஆங்கிலச் சொல் பின்னர் போக்கரிலும் வழங்கலாயிற்று.

காரணங்கள்

போக்கரில் சரியான முடிவு எப்போதும் வெற்றியைத் தருவதில்லை. டெக்சஸ் ஹோல்டெம் வகையில், இரண்டு ஏஸ் சீட்டுகள் வைத்திருப்பவர் இரண்டு ராஜா சீட்டுகள் வைத்திருப்பவரை, பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் முன் எதிர்கொண்டால், வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82% ஆகும். பிழையின்றி ஆடியும் 100 முறைக்கு ஏறத்தாழ 18 முறை அவர் வெல்லமாட்டார். இத்தகைய தோல்வியை அநீதியாகக் கருதுவதே டில்ட்டின் பொதுவான தொடக்கம்.

ஒரே அளவு இலாபத்தைவிட இழப்பே மனத்தை அதிகம் பாதிக்கிறது என்பதை டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979 இல் விளக்கினர். முன்னர் வென்ற பணத்தைத் தமதல்லாத பணம்போல் எண்ணித் துணிவாகக் கட்டுவதையும், இழந்ததை முழுதாக மீட்கும் வாய்ப்பு மக்களைக் கவர்வதையும் ரிச்சர்ட் தேலர், எரிக் ஜான்சன் ஆகியோர் 1990 இல் எடுத்துக்காட்டினர்.

கட்டுப்படுத்தும் முறைகள்

- ஆட்ட முதலைக் குடும்பச் செலவுப் பணத்திலிருந்து பிரித்து வைத்தல். அதில் சிறு பங்கை மட்டுமே ஒரு மேசைக்குக் கொண்டு செல்லுதல்.
- இழப்பு வரம்பையும் ஆடும் நேரத்தையும் அமருமுன்பே முடிவு செய்தல். டில்ட்டில் உள்ளவர் தம் நிலையைச் சரியாக மதிப்பிட இயலாது என்பதால் இது முக்கியமானது.
- வென்ற ஆட்டங்களையும் பின்னர் ஆராய்ந்து, முடிவு சரியா என்பதை விளைவிலிருந்து பிரித்துப் பார்த்தல்.

ஜாரெட் டென்ட்லர் 2011 இல் வெளியிட்ட நூலில், பழிவாங்கும் எண்ணம், தன் பிழை மீதான சினம், தோல்வி மீதான வெறுப்பு உள்ளிட்ட ஏழு வகை டில்ட்டுகளைப் பிரித்துக் காட்டினார்.

தமிழ்நாட்டில்

இணையவழிப் போக்கரில் சீட்டுகள் விரைவாகப் பகிரப்படுகின்றன. ஒரே நேரத்தில் பல மேசைகளிலும் ஆட இயலும். எனவே டில்ட்டினால் ஏற்படும் இழப்பும் வேகமானது. இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து தமிழ்நாடு 2022 இல் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் எனக் கூறி, அவற்றுக்கான தடையை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது.

2025 பெப்ரவரியில் வந்த மாநில விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நுழையத் தடை விதித்தன. தொடர்ந்து ஆடுவோருக்கு எச்சரிக்கை காட்டவும் பணிந்தன. இவை தொழில்முறை ஆட்டக்காரர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் வரம்புகளை ஒத்தவை. இவ்விதிகள் செல்லும் என உயர் நீதிமன்றம் 2025 சூனில் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறன் விளையாட்டா என்னும் வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

இவற்றையும் பார்க்க

- ரம்மி
- நிகழ்தகவு
- சூதாட்டம்