வானில் வைத்தே பிடித்தல்: ஒரு கொக்கியின் வரலாறு

திருகோணமலைக்கும் சிறீஹரிக்கோட்டாவுக்கும் இடையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 580 கிலோமீற்றர் கடல் கிடக்கிறது. துருவப் பாதைக்குச் செய்மதி ஏற்றும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட், அங்கிருந்து புறப்பட்டு நேரே தெற்கு நோக்கிச் செல்ல இயலாது. வழியில் நாம் குடியிருக்கிறோம். ஆகவே அது முதலில் தென்கிழக்காகக் கிளம்பி, இலங்கைத் தீவைச் சுற்றிக்கொண்டு, பின்னரே தெற்கே திரும்புகிறது. இந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருள், அது சுமந்து செல்லக்கூடிய பாரத்தைக் குறைக்கிறது. வழியில் எரிந்து முடிந்த கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வங்கக் கடலிலும் அதற்கும் தெற்கேயும் விழுகின்றன.

விழுந்தவற்றை எவரும் எடுப்பதில்லை. பெரும்பாலானவை மூழ்கிவிடும், சில மிதக்கும். 2023 யூலையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கிறீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளையொன்று பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாங் கட்டம் என்று அந்நாட்டு விண்வெளி முகவரகம் அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நமது வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாய்கிறது. வடக்கே கடலில் விழுவது எதுவாயினும், புல்மோட்டை முதல் வாகரை வரையுள்ள கரைகளை நாடி வரக்கூடிய காலம் அது.

கடலில் விழவிடாமல், விழும்போதே வானில் வைத்துப் பிடித்துவிட்டால் என்ன? விளையாட்டுப் பிள்ளையின் கேள்விபோலத் தோன்றும். ஆனால் இதைக் கேட்டவர்கள் பலர்; செய்து காட்டியவர்களும் உளர். அந்த வரலாற்றின் ஒரு நுனி நமது துறைமுகத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது என்பதால்தான் இதை எழுத முற்பட்டேன்.

1944 ஆம் ஆண்டுக்குச் செல்வோம். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய பின்னர் ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கியிருந்த பிரித்தானியக் கீழைக் கடற்படை, 1944 இன் தொடக்கத்தில் இங்கு திரும்பிவிட்டிருந்தது. ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றினார். அதே மாதம் 19 ஆம் திகதி, இத்துறைமுகத்திலிருந்து சென்ற இலஸ்ட்ரியஸ், சரட்டோகா ஆகிய இரு விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. சுடப்பட்டுக் கடலில் விழுந்த ஓர் அமெரிக்க விமானியைப் பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்று எதிரியின் கரைக்கு அருகிலேயே மேலெழும்பி வந்து மீட்டது.

அக்கட்டளைப் பரப்பின் மறுகோடியில், பர்மாக் காடுகளில், வேறு இரு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. காட்டு வெளிகளில் இறக்கப்பட்ட இயந்திரமற்ற கிளைடர் விமானங்களை, தரையில் இறங்காமலே தாழப் பறந்து வந்த சி-47 விமானங்கள் கொக்கியிட்டு இழுத்துச் சென்றன. இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய கயிற்று வளையத்தை விமானத்தின் கொக்கி கவ்வும். கவ்விய கணத்தில் ஏற்படும் பேரிழுப்பை, விமானத்துக்குள் இருக்கும் உருளையிலிருந்து கம்பி மெல்ல மெல்ல விடுபட்டுத் தாங்கிக்கொள்ளும். அமெரிக்க மலைக் கிராமங்களில் தபாற் பைகளைத் தூக்குவதற்கென்று 1930 களில் உருவான உத்தி இது. மற்றையது, அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் சிக்கோர்ஸ்கி நிறுவனத்தின் வை.ஆர்-4 என்ற சிறு ஹெலிகொப்டர், காட்டில் வீழ்ந்த விமானமொன்றின் ஓட்டியையும் காயமுற்ற மூன்று பிரித்தானியப் படையினரையும் ஒவ்வொருவராக வெளியே தூக்கி வந்தது. போர்க்களத்தில் ஹெலிகொப்டர் செய்த முதல் மீட்பாக அதனைக் கொள்வர். கொக்கியும் ஹெலிகொப்டரும் ஒரே ஆண்டில், ஒரே கட்டளையின் கீழ்த் தம் ஆற்றலைக் காட்டின. இரண்டும் ஒன்றுசேர இன்னும் சில காலம் பிடித்தது.

இடையில் வந்தது உளவு. அமெரிக்காவின் கொரோனா என்ற இரகசியத் திட்டத்தில், செய்மதி எடுத்த படச்சுருளை ஒரு கொள்கலனில் வைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1960 ஆகஸ்ட் 11 இல் வந்த முதற் கொள்கலன் பசிபிக் கடலில் விழுந்தது. கடற்படை ஹெலிகொப்டர் ஒன்று அதைத் தூக்கியது. அதில் படச்சுருள் இருக்கவில்லை. எட்டு நாள் கழித்து ஆகஸ்ட் 19 இல், அடுத்த கொள்கலன் பரசூட்டில் தொங்கி இறங்கிக்கொண்டிருக்கையில், ஹரோல்ட் மிட்செல் செலுத்திய சி-119 விமானம் இருமுறை தவறி மூன்றாம் முறை கொக்கியில் பிடித்தது. அந்த ஒரு சுருளில் இருந்த சோவியத் நிலப்பரப்பு, அதற்கு முன்னர் யு-2 விமானங்கள் அனைத்தும் சேர்ந்து எடுத்ததிலும் அதிகம். 1995 வரை இத்திட்டத்தின் உளவு நோக்கம் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது.

அக்கொள்கலனில் ஒரு நுட்பம் இருந்தது. அதன் உடலில் உப்பினாலான ஓர் அடைப்பான் வைத்திருந்தார்கள். வானில் பிடிக்கத் தவறிக் கடலில் விழுந்தால், இரண்டு நாளளவில் உப்புக் கரைந்து துளை திறக்கும், கொள்கலன் மூழ்கிவிடும். எதிரி கையில் அகப்படாது. உப்பு நீரையே காவற்காரனாக நிறுத்திய சாமர்த்தியம் அது. பின்னாளில் ரொக்கெட்டைக் காப்பாற்ற முனைந்தவர்களுக்கு அதே உப்பு நீர்தான் பகையாயிற்று.

வியட்னாம் போரில் ஆளில்லா உளவு விமானங்களை ஹெலிகொப்டர்களே வானில் பிடித்தன. பரசூட்டில் இறங்கும் விமானத்தைக் கொக்கியில் மாட்டி, அப்படியே தொங்கவிட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். இவ்வாறு 2,000 தடவைகளுக்கு மேல் பிடித்ததாகக் கணக்கு. ஆக, இது சாகச வித்தையன்று. அன்றாட அலுவலாகவே ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. 2004 செப்டெம்பர் 8 இல் சூரியக் காற்றின் துகள்களைச் சுமந்து வந்த ஜெனிசிஸ் கலத்தைப் பிடிக்க, ஹொலிவூட் சினிமாவில் பறந்து பழகிய விமானிகள் யூட்டா பாலைவனத்தில் காத்திருந்தனர். ஈர்ப்புணர் விசைகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தமையால் பரசூட் விரியவேயில்லை. கலம் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நிலத்தில் மோதியது. கொக்கி பழுதில்லை, கொக்கிக்கு வேலை வரவில்லை. (உடைந்த சில்லுகளிலிருந்தே விஞ்ஞானிகள் ஆய்வை நடத்தி முடித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.)

இனி ரொக்கெட்டுக்கு வருவோம். நியூசிலாந்தில் பீற்றர் பெக் 2006 இல் தொடங்கிய ரொக்கெட் லாப் நிறுவனத்தின் இலெக்ட்ரோன், 18 மீற்றர் உயரமான சிறிய ரொக்கெட். உடல் காபன் இழையாலானது. முதற் கட்டம் எரிந்து முடிந்த பின்னர் எஞ்சும் எடை ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே. இலோன் மஸ்கின் ரொக்கெட்டுகள்போல் இயந்திரத்தை மீண்டும் எரித்து இறங்குவதற்கு இத்தகைய சிற்றுடலில் எரிபொருளுக்கு இடமில்லை. ஆகவே 2019 ஆகஸ்டில், ஹெலிகொப்டரால் பிடிக்கப்போவதாக அறிவித்தார்கள். 2020 மார்ச்சில் ஒரு ஹெலிகொப்டரிலிருந்து மாதிரிக் கட்டத்தைப் போட்டு, இன்னொன்றால் பிடித்துப் பார்த்தார்கள், பிடிபட்டது.

2022 மே 2 ஆம் திகதி உண்மையான ஏவல். 34 செய்மதிகளை ஏற்றிவிட்டுத் திரும்பிய கட்டம் மணிக்கு 8,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வளிமண்டலத்துள் நுழைந்தது. 13 கிலோமீற்றர் உயரத்தில் சிறு பரசூட், 6 கிலோமீற்றரில் பெரிய பரசூட். விநாடிக்கு 10 மீற்றர் அளவுக்கு வேகம் தணிந்து இறங்கியபோது, ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில், சிக்கோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகொப்டரின் நீண்ட கயிற்றுக் கொக்கி பரசூட் வடத்தைக் கவ்வியது. பர்மாவில் பறந்த அதே சிக்கோர்ஸ்கியின் வழித்தோன்றல். ஆனால் பாரம் தொங்கிய விதம் ஒத்திகையில் கண்டதைப்போல் இல்லை என்று விமானி உணர்ந்தார். ஆரவாரம் அடங்குவதற்குள் கயிற்றை விட்டுவிட்டார். கட்டம் கடலில் இறங்கியது. கப்பல் வந்து எடுத்தது.

மறுநாள் பல தலைப்புகள் ‘ஹெலிகொப்டர் ரொக்கெட்டைப் பிடித்தது’ என்றே பேசின. விட்டுவிட்டது என்ற செய்தி மூன்றாம் பந்தியில் இருந்தது. பத்திரிகை மேசையில் காலங்கழித்தவன் என்ற முறையில் எனக்கு இது புதிதன்று. என் கணிப்பில் அந்நாளின் உண்மையான செய்தி அந்த மூன்றாம் பந்திதான். கீழே தொங்கும் ஒரு தொன் பாரம் ஆடத் தொடங்கினால், மேலே இருப்பவர்களின் உயிர் கயிற்றில் இருக்கிறது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில் கயிற்றை விட்ட விமானியின் முடிவை நான் தோல்வி என்று எழுதமாட்டேன்.

அவ்வாண்டு நவம்பர் 4 இல் மீண்டும் முயன்றார்கள். இறங்கிவரும் கட்டத்திலிருந்து தகவல் வருவது அறுந்துபோகவே, ஹெலிகொப்டர் பாதுகாப்பாக விலகிச் சென்றது. அதன்பின் முயலவில்லை. காரணம், கடலிலிருந்து எடுத்தவற்றைச் சோதித்தபோது அவர்கள் அஞ்சிய அளவுக்கு உப்பு அரித்திருக்கவில்லை. மே மாதத்துக் கட்டத்தின் இயந்திரம் ஒன்று செப்டெம்பரிலேயே சோதனை மேடையில் முழு வலுவுடன் எரிந்தது. நீர் புகாதவாறு சில பாகங்களை அடைத்துக் கட்டினாற் போதும் என்று கண்டார்கள். மேலும், ஹெலிகொப்டருக்கு நல்ல வானிலை வேண்டும். அதை நம்பினால் ஏவல்களில் ஏறத்தாழ பாதியையே மீட்கலாம், கப்பலாயின் 60 முதல் 70 சதவீதம் என்பது பெக்கின் கணக்கு. 2023 ஆகஸ்டில், முன்னர் பறந்த ஓர் இயந்திரம் மீண்டும் ஓர் இலெக்ட்ரோனில் பறந்தது.

இதே உத்தியை நம் கடலுக்கு மேலே கையாளலாமா என்று நண்பர் ஒருவர் வினவினார். எடையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பி.எஸ்.எல்.வி.யின் முதற் கட்டம் எரிந்து வெறுமையான பின்னரும் ஏறத்தாழ 30 தொன். உலகின் மிகப் பெரிய ஹெலிகொப்டரான ருஷ்யாவின் மி-26 தூக்கக்கூடியது 20 தொன். இந்திய விமானப்படையின் சினூக் அதிலும் பாதியளவே தூக்கும். அந்தச் சினூக்கை இந்திய விண்வெளி நிறுவனம் எதிர்த்திசையில் பயன்படுத்தியது ஒரு வேடிக்கை: 2023 ஏப்ரல் 2 இல் கர்நாடகத்தின் சித்ரதுர்க்காவில், சிறகுள்ள மீள்பயன்பாட்டுக் கலத்தின் மாதிரியை 4.5 கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கிச் சென்று விட்டது. கலம் தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. மீட்பு அனுபவம் அவர்களுக்கு இல்லாமலில்லை. 2007 சனவரி 22 இல், 12 நாள் விண்ணில் சுற்றிய 550 கிலோகிராம் கலமொன்றைச் சிறீஹரிக்கோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீற்றரில் வங்கக் கடலில் இறக்கி எடுத்திருக்கிறார்கள். அது செய்மதி. எரிந்து முடிந்த கட்டங்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஒவ்வோர் ஏவலுக்கு முன்னரும் கட்டங்கள் விழக்கூடிய பரப்புகள் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் அறிவிக்கப்படுகின்றன. பல நாட் கலங்களில் ஆழ்கடல் செல்லும் கொட்டியாரக் குடாவின், குச்சவெளியின் கடற்றொழிலாளருக்கு அந்த எண்களும் திகதிகளும் தமிழில், வானொலியில், உரிய நேரத்தில் சொல்லப்படவேண்டும் என்று நான் கருதுகிறேன். கொக்கி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் இது. பெருஞ் செலவும் இல்லை.

இதற்கிடையில் ரொக்கெட்டின் வழியே மாறவிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறு ரொக்கெட் வளைந்து சுற்றாமல் நேரே தெற்கே செல்லும். இலங்கை அதற்கு இடப்புறம் இருக்கும். அதன் கட்டங்கள் விழப்போவது நமது மேற்குக் கடலுக்கு அப்பால், பி.எஸ்.எல்.வி. சிறீஹரிக்கோட்டாவிலிருந்து புறப்படும் வரையில் அதன் கட்டங்கள் விழுவது இந்தப் பக்கம்.