நிக்கோபார் தென்னங்கள்

பத்து டிகிரி கால்வாய்க்குத் தெற்கே உள்ள நிக்கோபார் தீவுகளின் பழங்குடி மக்கள் தங்கள் தென்னந்தோப்புகளில் இறக்கும் பானம் தென்னங்கள். இத்தோப்புகள் தனி ஆளின் சொத்து அல்ல. ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்கு உரியவை. பிரான்சின் போர்தோவில் திராட்சைத் தோட்டத்தின் பெயரே ஒயினுக்கு மதிப்பைத் தருகிறது. இங்கே தோப்பும் குடும்பமும் சேர்ந்து கள்ளைத் தருகின்றன.

வரலாறு

7ஆம் நூற்றாண்டில் கடல்வழி சென்ற சீனத் துறவி யீஜிங், தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து இரும்பு கேட்ட தீவு மக்களைப் பற்றி எழுதினார். அத்தீவு நிக்கோபாராக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இத்தீவுகளை ‘மாநக்கவாரம்’ என்கிறது. 1756இல் தரங்கம்பாடியிலிருந்து டேனியர் வந்து குடியேற முயன்றனர். காய்ச்சல் அவர்களை மீண்டும் மீண்டும் விரட்டியது. 1868இல் அவர்கள் விற்ற உரிமையைக் கொண்டு 1869இல் ஆங்கிலேயர் தீவுகளைக் கைக்கொண்டனர். இத்தனை ஆட்சி மாறியும் தீவின் செல்வம் தேங்காயாகவே இருந்தது. கார் நிக்கோபாரில் சரக்கின் விலையைக்கூடத் தேங்காய்க் கணக்கில் பேசினார்கள்.

இறக்கும் முறை

விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவுவது தென்னங்கள் இறக்கும் பொதுவான முறை. சொட்டும் சாறு முதலில் தேன்போல் இனிக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே நுரை கிளப்பிக் கள்ளாக்கிவிடும். மேலும் விட்டுவைத்தால் காடியாகிவிடும். நல்ல போர்தோ ஒயின் புட்டியில் பல ஆண்டுகள் முதிரும். கள்ளோ இறக்கிய நாளிலேயே பருக வேண்டியது. ஆகவே அது சந்தைக்கான சரக்காகாமல் விருந்துக்கும் சடங்குக்கும் உரியதாகவே நிலைத்தது.

இன்றைய நிலை

1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, வெளியார் இத்தீவுகளுக்குள் வருவதையும் நிலம் வாங்குவதையும் கட்டுப்படுத்துகிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கரையோரத் தோப்புகளை அழித்தது; தெற்குத் தீவுகளில் நிலமே தாழ்ந்து, தோப்பிருந்த இடங்களில் கடல்நீர் நின்றது. ஊர்கள் உட்பகுதிக்கு இடம் மாறின. நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், ஒரு பேரலையின் இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகளின் உழைப்பு தேவைப்பட்டது.

மதிப்பீடு

போர்தோ தோட்டங்களுக்கு 1855இல் தர வரிசை வகுக்கப்பட்டது. அவற்றின் பெயர்கள் உலகமெங்கும் பரவியுள்ளன. நிக்கோபார் தோப்புகளுக்கு அப்படிப்பட்ட பட்டியலோ புட்டியோ கிடையாது. துஹேத்தின் நில உரிமை நிலைத்தால் தோப்பு நிலைக்கும். தோப்பு நிலைத்தால்தான் இந்தக் கள்ளும் நிலைக்கும்.