அரிதாரம்

நடிகர் ஒருவர் படங்களை விட்டு அரசியலுக்கு வந்தால், ‘அரிதாரத்தைக் கலைத்துவிட்டார்’ என்று எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். அரிதாரம் என்றால் ஏதோ முகப்பூச்சு என்ற அளவில் பொருள் புரிந்துவிடுகிறது. உண்மையில் அது ஒரு கல். மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, அதாவது நஞ்சு. சித்த மருத்துவர்கள் தாளகம் என்பார்கள். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை.

‘ஹரிதால’ என்ற வடசொல்லோடு உறவுடைய பெயர் இது. சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் மலைவாணர்கள் செங்குட்டுவனுக்குக் கொண்டுவரும் பொருள்களிலேயே அரிதாரமும் இருக்கிறது. கதகளிக்காரர்கள் இதை மனயோலை என்கிறார்கள். கல்லில் உரைத்து, எண்ணெய் விட்டுக் குழைத்து, நீலம் கலந்தால் நாயகனின் பச்சை முகம் தயார். சாயம் கொடுத்த பொருளின் பெயரே ஒப்பனை முழுவதற்கும் ஆகி, பிறகு நடிப்புத் தொழிலையே குறிக்கத் தொடங்கிவிட்டது.

இன்று சினிமா மேக்கப் பெட்டியில் அரிதாரம் கிடையாது. பான்கேக் பூச்சு வந்தபோதே போய்விட்டது. வாழ்நாளில் முகத்தில் பவுடர்கூடப் போடாத அரசியல்வாதியையும் ‘அரிதாரம் கலைந்தது’ என்று சாடுகிறோம். அங்கே சொல் பொய் வேடத்தைக் குறிக்கிறது. நடிகருக்கு அரிதாரம் தொழில், அதில் ஏமாற்று இல்லை. சீட்டு வாங்கியவருக்கு அது வேடம் என்று தெரியும். வசையாக இந்தச் சொல்லை எடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கலாம்.