ஓடணுமா, நின்னு சுடலாமா? ஃப்ளோரிடா சட்டத்தின் கதை

1/ வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. அதே வீட்டுல துப்பாக்கியும் இருக்கு. "அதைப் பூட்டி வைக்கிறீங்களா?"ன்னு குழந்தை டாக்டர் அம்மாகிட்ட கேட்கிறார். சிகிச்சைக்கோ பாதுகாப்புக்கோ அது தொடர்புடையதுன்னு அவர் நல்லெண்ணத்தோட நம்பிக் கேட்கலைன்னா, அந்தக் கேள்விக்காகவே டாக்டர் மேல் நடவடிக்கை வரலாம். நம்ப முடியுதா? அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2011-ல் உண்மையாகவே இப்படி ஒரு சட்டம் வந்தது.

2/ அதைப் படிக்கப் போய்த்தான், அதே மாநிலம் 2005-ல் போட்ட இன்னொரு சட்டத்துக்குள் போனேன். பெயர் 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்'. அதாவது, தாக்க வந்தால் பின்வாங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே நின்று திருப்பித் தாக்கலாம். இரண்டு சட்டத்துக்கும் பின்னால் இருந்தது தேசிய ரைஃபிள் சங்கம். அதற்காக ஃப்ளோரிடாவில் வேலை பார்த்தவர் மேரியன் ஹேமர், அந்தச் சங்கத்தின் முதல் பெண் தலைவராக இருந்தவர்.

3/ கொஞ்சம் பின்னாடி போவோம். பழைய இங்கிலாந்து சட்டப்படி, சண்டையில் உயிருக்கு ஆபத்து வந்தால் முதலில் விலகணும். முதுகு சுவரில் முட்டி, வேற வழியே இல்லைன்னு ஆன பிறகுதான் கொல்வதற்கு மன்னிப்பு. ஒரே பெரிய விலக்கு வீடு. ஒருவனுக்கு அவன் வீடுதான் கோட்டை என்று 1604-லேயே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. சொந்த வீட்டிலிருந்து எங்கே ஓடுவது?

4/ அமெரிக்கா போன பிறகு இது மாற ஆரம்பித்தது. ஒஹையோ நீதிமன்றம் 1876-லும் இண்டியானா நீதிமன்றம் 1877-லும், தப்பு செய்யாதவன் ஏன் ஓடணும் என்று கேட்டன. 1921-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸும், கத்தியை ஓங்கியவன் முன்னால் நிற்பவனிடம் நிதானமாக யோசி என்று எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தில் தீர்ப்பு எழுதினார். ஆக, இது 2005-ல் திடீர்னு முளைத்த யோசனை இல்லை.

5/ அப்போ 2005-ல் என்னதான் புதுசு? மூணு விஷயம்.
ஒன்று: வீட்டுக்கு வெளியேயும், நீங்கள் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும், பின்வாங்கும் கடமை இல்லை.
இரண்டு: வீட்டுக்குள்ளோ, ஆள் இருக்கும் வண்டிக்குள்ளோ ஒருவர் அத்துமீறி நுழைந்தால், உங்கள் பயம் நியாயமானது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.
மூன்று: தற்காப்பு என்றால் தண்டனையிலிருந்து மட்டும் இல்லை, கைது, வழக்கு, நஷ்டஈடு எல்லாவற்றிலிருந்தும் விலக்கு.

6/ ஆதரவாளர்கள் சொன்ன கதை பென்சகோலாவில் நடந்தது. 2004-ல் ஐவன் புயலில் வீடு சேதமானதால், ஒரு முதியவர் மனைவியோடு வீட்டு வாசலில் டிரெய்லர் வண்டியில் தங்கியிருந்தார். ராத்திரி முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே நுழைய, முதியவர் சுட்டார். அவர் மேல் வழக்கு வரவில்லை. ஆனால் அந்த முடிவு வரும்வரை அவர் ஏன் பயந்துகொண்டு காத்திருக்கணும் என்று கேட்டார்கள்.

7/ நியாயமான கேள்விதான், அதைத் தள்ளிவிட முடியாது. தனியாக இருக்கும் வயதானவரிடமோ ஒரு பெண்ணிடமோ, "நீ ஓடியிருக்கலாமே" என்று பிறகு கோர்ட்டில் உட்கார்ந்து சொல்வது சுலபம். மசோதா செனட்டில் 39-0, கீழவையில் 94-20. ஆளுநர் ஜெப் புஷ் 2005 ஏப்ரல் 26 அன்று கையெழுத்து போட்டார். மயாமி போலீஸ் தலைவர் ஜான் டிமோனி எதிர்த்தார், எடுபடவில்லை. பின்னாடியே பல மாநிலங்கள் இதே மாதிரி சட்டம் கொண்டுவந்தன.

8/ 2012 பிப்ரவரி 26, சான்ஃபோர்ட் நகரம். கடைக்குப் போய் மிட்டாயும் குடிக்க ஒரு பானமும் வாங்கித் திரும்பிய 17 வயது கறுப்பினப் பையன் ட்ரேவான் மார்ட்டின், குடியிருப்புக் காவலில் இருந்த ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். சுட்டவர் தற்காப்பு என்றார். கைது ஏப்ரல் 11-ல்தான். 2013 ஜூலையில் விடுதலை. அவரது வக்கீல்கள் இந்தச் சட்டத்தின் முன்விசாரணையைக் கேட்கவே இல்லை என்பது உண்மை. ஆனால் ஜூரிக்குத் தரப்பட்ட அறிவுரையில் "பின்வாங்கும் கடமை இல்லை" என்ற வரி இருந்தது.

9/ அதே மாநிலத்தில், 2010-ல் ஜாக்சன்வில்லில், தன்னை அடிக்கும் கணவனை எச்சரிக்க ஒரு குண்டு சுட்டதாகச் சொன்ன கறுப்பினப் பெண்ணுக்கு இந்த விலக்கு மறுக்கப்பட்டது. அந்தக் குண்டு யார் மேலும் படவில்லை. 2012-ல் 20 வருஷம் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தானது. யாருடைய பயம் 'நியாயமான பயம்' என்ற கேள்வி இங்கேதான் நெஞ்சில் குத்துகிறது.

10/ இப்போ நம்ம துறைக்கு வருவோம். சட்டம் வந்த பின் ஃப்ளோரிடாவில் கொலைச் சாவுகள் 24.4%, துப்பாக்கியால் கொல்லப்பட்டவை 31.6% கூடின என்று ஜாமா குழும மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க், நியூஜெர்சி, ஒஹையோ, வர்ஜீனியாவோடு ஒப்பிட்டார்கள். அங்கே இப்படி ஏறவில்லை. ஃப்ளோரிடாவின் தற்கொலை எண்ணிக்கையிலும் இந்த மாற்றம் இல்லை.

11/ "செத்தவங்க எல்லாம் திருடங்களா இருக்கலாமே?" என்று கேட்பீங்க. அதையும் பார்த்தார்கள். தற்காப்பில் சேராத, சட்டவிரோதக் கொலைகளும் கூடியிருந்தன. பல மாநிலங்களை ஒப்பிட்ட 2013 பொருளாதார ஆய்வில் கொலைகள் சுமார் 8% அதிகம். திருட்டும் கொள்ளையும் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆய்வுகளுக்கு வரம்பு உண்டு, ஒவ்வொரு சாவுக்கும் இந்தச் சட்டம்தான் காரணம்னு அவை சொல்லவில்லை. ஆனால் "பயந்து குற்றவாளிகள் அடங்கிடுவாங்க" என்ற வாக்குறுதி நிறைவேறியதாகத் தெரியவில்லை.

12/ 2017 பிப்ரவரியில், டாக்டர்கள் கேட்கக் கூடாது என்ற தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருஷம் ஃப்ளோரிடா இன்னொன்றும் செய்தது. முன்விசாரணையில், இது தற்காப்பு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசுத் தரப்பின் தலையில் வைத்தது.

13/ ராத்திரி கேஷுவாலிட்டி டூட்டியில் அடிதடி கேஸ் வந்தால் இரண்டு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "அவன்தான் சார் முதல்ல கை வச்சான்." ரெண்டு பேரும் உயிரோட இருப்பதால் ரெண்டு கதையையும் எழுதிக்கொள்கிறோம். ஒருவர் பிணவறைக்குப் போய்விட்டால் மிச்சம் ஒரு கதைதான்.

14/ குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது, கிட்டேயிருந்து சுட்டதா, தூரத்திலிருந்தா, இதெல்லாம் பிரேதப் பரிசோதனையில் சொல்லலாம். சுட்டவர் எவ்வளவு பயந்தார், அந்தப் பயம் நியாயமா என்பதை எந்தக் கத்தியாலும் கீறிப் பார்க்க முடியாது. பின்வாங்கச் சொன்ன பழைய சட்டம் கோழைத்தனத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. ரெண்டு பேரும் உயிரோட கோர்ட்டுக்கு வரட்டும் என்றுதான் நினைத்தது.